கேம் ஆடியோ புரோகிராமர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம்களுக்கு ஒலி நிரல் எழுதும் வேலைக்கு வர நினைக்கும் மாணவர்களும், வேறு துறையில் நிரல் எழுதிக்கொண்டே இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பல ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்தே இருக்கும்.

ஆடியோ புரோகிராமர் என்பவர் சரியாக என்ன செய்கிறார்?

விளையாட்டில் இந்த நொடி என்ன நடக்கிறது என்பது கேம் என்ஜினுக்குத் தெரியும். எந்த ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பது சவுண்ட் டிசைனருக்குத் தெரியும். இந்த இரண்டையும் இணைக்கிற நிரல் முழுவதும் ஆடியோ புரோகிராமரின் பொறுப்பு. குகைக்குள் நுழைந்தால் குரல் எதிரொலிக்க வேண்டும். வசனம் வரும்போது பின்னணி இசை தணிய வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் சுட்டாலும் ஸ்பீக்கர் கரகரக்கக் கூடாது. இவை எல்லாமே யாரோ உட்கார்ந்து எழுதிய நிரல்தான்.

ஒலியைப் பதிவு செய்வதும் செதுக்குவதும் சவுண்ட் டிசைனரின் வேலை. இருவருக்கும் நடுவில் டெக்னிக்கல் சவுண்ட் டிசைனர் என்று ஒருவர் இருப்பார். ஒலிகளை என்ஜினுக்குள் பொருத்துவதும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவதும் அவர் பங்கு. சிறிய ஸ்டுடியோ என்றால் எல்லாம் ஒருவர் தலையிலேயே விழும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் டிஎஸ்பி (ஒலி அலையைக் கணிதத்தால் மாற்றும் நிரல்) கனவோடு வருகிறார்கள்: சொந்தமாக ஒரு ரிவெர்ப் (அறையின் எதிரொலியை உண்டாக்கும் நிரல்), சொந்தமாக ஒரு சிந்தசைஸர். அதற்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு ஆடியோ புரோகிராமர் நல்லவரா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. அவரோடு வேலை செய்யும் சவுண்ட் டிசைனருக்குக் காலையில் ஒரு யோசனை தோன்றினால், அதை விளையாட்டுக்குள் எவ்வளவு சீக்கிரம் கேட்டுப் பார்க்க முடிகிறது? அரை நிமிடம் என்றால் அவர் பத்து விதமாக முயன்று பார்ப்பார். புது பில்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றால் முதலில் செய்ததையே வைத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வித்தியாசம் விளையாடுபவரின் காதுக்கு நேரடியாகப் போய்ச் சேர்கிறது.

ஒரு சத்தம் கேட்பதற்கு இவ்வளவு நிரல் எதற்கு? ஃபைலை பிளே செய்தால் போதாதா?

ஒரே ஒரு காலடிச் சத்தத்தை எடுத்துக்கொள்வோம்.

நடக்கும் அனிமேஷனில் பாதம் தரையைத் தொடும் ஃபிரேமில் ஒரு குறி வைத்திருப்பார்கள். அனிமேஷன் அந்த இடத்துக்கு வந்ததும் என்ஜின் நம் நிரலைக் கூப்பிடும். நாம் பாதத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு ரேகாஸ்ட் (எதில் முட்டுகிறது என்று பார்க்கும் கற்பனைக் கோடு) விட்டு, தரை என்ன பொருள் என்று பார்க்கிறோம்: மரம், சரளை, ஈரமண், இரும்பு. அப்புறம் பாத்திரம் என்ன போட்டிருக்கிறது, ஓடுகிறதா, பதுங்கி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரளைக்கு எட்டு மாதிரி ஒலிகள் இருந்தால், சற்று முன் ஒலித்தது உடனே மறுபடி வராதபடி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். சுருதியையும் அளவையும் லேசாக மாற்றுகிறோம். இல்லாவிட்டால் மூன்றாவது அடியிலேயே இயந்திரத்தனம் காதில் உறுத்தும். தூரத்துக்கு ஏற்ப ஒலியைக் குறைக்கிறோம். இடையில் சுவர் இருக்கிறதா, அறை எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்து ஃபில்டரும் ரிவெர்பும் சேர்க்கிறோம். கடைசியாக, இந்தக் காலடி இப்போது ஒலிக்கத் தகுதியானதா, அல்லது பக்கத்தில் வெடிக்கும் குண்டுக்காக இதை விட்டுவிடலாமா என்று முடிவு செய்கிறோம்.

இத்தனையும் ஒரு ஃபிரேமுக்குள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. அதில் ஆடியோவுக்குக் கிடைப்பது சிறு பங்குதான். பெரும்பகுதியை கிராஃபிக்ஸும் இயற்பியலும் எடுத்துக்கொள்ளும்.

ஆடியோ த்ரெட் என்றாலே எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, ஏன்?

நிரலின் மற்ற பகுதிகளோடு இணையாக ஓடி, ஒலியை மட்டும் தயாரிக்கும் இழைதான் ஆடியோ த்ரெட். பயப்பட வேண்டாம், மதிக்க வேண்டும். காரணம் எளிமையானது.

ஒலி விநாடிக்கு 48,000 சாம்பிள்களாக, அதாவது அலையின் உயரத்தைச் சொல்லும் எண்களாக, வெளியே போகிறது. சவுண்ட் கார்டு அவற்றைக் கட்டுக்கட்டாகக் கேட்கும். ஒரு கட்டில் 512 சாம்பிள் என்றால், ஏறக்குறைய 10.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு கட்டு, அதாவது ஒரு பஃபர், தயாராக இருந்தாக வேண்டும். 256 என்றால் 5.3 மில்லி விநாடி. கிராஃபிக்ஸில் ஒரு ஃபிரேம் தாமதமானால் படம் லேசாகத் திக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஒலியில் ஒரு பஃபர் தாமதமானால் 'டப்' என்று வெட்டும். அதை எல்லோரும் கவனிப்பார்கள்.

அதனால் ஆடியோ த்ரெட்டில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் செய்யக் கூடாது. மெமரி ஒதுக்கக் கூடாது, விடுவிக்கவும் கூடாது. ஃபைலைத் திறக்கக் கூடாது. ஸ்கிரீனில் ஒரு வரி அச்சிடுவதுகூட வேண்டாம். மியூடெக்ஸுக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய லாக்) காத்திருக்கவே கூடாது.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆடியோ த்ரெட்டுக்கு மிக உயர்ந்த முன்னுரிமை கொடுத்திருக்கிறோம். முன்னுரிமை குறைந்த ஒரு த்ரெட் ஒரு லாக்கைப் பிடித்திருக்கும்போது, நடுத்தர முன்னுரிமை கொண்ட மூன்றாவது த்ரெட் ஒன்று வந்து சிபியுவைப் பிடித்துக்கொள்கிறது. லாக் வைத்திருப்பவருக்கு ஓட வாய்ப்பில்லை. அவருக்காகக் காத்திருக்கும் ஆடியோ த்ரெட்டும் நிற்கிறது. எல்லோரையும் விட அவசரமானவர் யாருக்காகவோ தவம் கிடக்கிறார். இதைத்தான் பிரயாரிட்டி இன்வெர்ஷன் என்கிறார்கள். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்கும் இதே சிக்கல்தான் காரணம். பூமியில் இருந்தபடியே நாசா அதைச் சரி செய்தது. நம் விளையாட்டில் அது ஒரு 'டப்' சத்தமாக வரும், எப்போதாவது ஒருமுறை, யார் கணினியிலோ.

இதற்கு வழக்கமான தீர்வு, கேம் த்ரெட்டிலிருந்து ஆடியோ த்ரெட்டுக்குக் கட்டளைகளை லாக் இல்லாத ரிங் பஃபர் (வட்டமாகச் சுழலும் வரிசை) வழியாக அனுப்புவது. ஒருவர் எழுதுகிறார், ஒருவர் படிக்கிறார், யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. 'இந்த ஒலியைத் தொடங்கு', 'அந்த ஒலியின் அளவைக் குறை' எல்லாம் சிறு சிறு கட்டளைகளாகப் போகும். புதிதாக வருகிறவர் முதலில் சொந்தமாக எழுதிப் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

விளையாடும்போது சில இடங்களில் 'டிக்' 'டிக்' என்று வருகிறதே, அது என்ன?

பஃபர் தாமதம் ஒரு காரணம், அதை மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு காரணம் அலை திடீரென்று முறிவது. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தினால், 0.6இல் இருந்த அலை அடுத்த சாம்பிளில் பூஜ்யத்துக்குத் தாவும். காதுக்கு அந்தத் தாவல் ஒரு 'டிக்'. மருந்து சுலபம்: நிறுத்தும் முன் சில மில்லி விநாடிகளில் அளவைப் படிப்படியாக இறக்க வேண்டும். ஒலியளவை மாற்றும்போதும் அப்படித்தான். பஃபருக்கு ஒருமுறை மட்டும் அளவை மாற்றினால், ஜிப்பை இழுப்பது போன்ற ஒரு கரகரப்பு வரும். அதன் பெயரே ஜிப்பர் நாய்ஸ்.

சில சிக்கல்கள் இதைவிட விசித்திரமானவை. எல்லாச் சத்தமும் ஓய்ந்து விளையாட்டு அமைதியாகும் நேரத்தில் ஆடியோவின் சிபியு செலவு ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். சண்டை நடக்கும்போது ஏறினால் புரியும். நிசப்தத்தில் ஏன் ஏற வேண்டும்? ரிவெர்பின் வால் பகுதி குறைந்துகொண்டே போய், ஃப்ளோட் எண்கள் 10இன் மைனஸ் 38 அடுக்கு அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. அவ்வளவு சிறிய எண்களுக்கு டினார்மல் என்று பெயர். பல பிராசஸர்கள் அவற்றைக் கணக்கிட வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அவற்றை நேராகப் பூஜ்யமாக்கிவிடு என்று பிராசஸருக்கு ஒரு ஃபிளாக் போட்டால் தீர்ந்தது. காரணம் தெரிந்தவருக்கு இரண்டு வரி வேலை. தெரியாதவர் ஒரு வாரம் அலைவார்.

வைஸ், எஃப்மாட் எல்லாம் இருக்கும்போது தனியாகப் புரோகிராமர் எதற்கு?

நியாயமான கேள்வி. வைஸ் என்பது மான்ட்ரியலில் உள்ள ஆடியோகைனெடிக் நிறுவனத்தின் மிடில்வேர், அதாவது விளையாட்டுக்குள் இணைத்துக்கொள்ளும் தயார் ஒலி மென்பொருள். 2019இல் அந்த நிறுவனத்தை சோனி வாங்கியது. எஃப்மாட் மெல்போர்னில் உள்ள ஃபயர்லைட் டெக்னாலஜீஸ் நிறுவனத்துடையது; யூனிட்டி என்ஜினின் உள் ஆடியோவும் எஃப்மாட் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஜப்பானிய விளையாட்டுகளில் சிஆர்ஐ நிறுவனத்தின் ஏடிஎக்ஸை அதிகம் பார்க்கலாம். அன்ரியல் என்ஜின் 5இல் மெட்டாசவுண்ட்ஸ் என்று என்ஜினுக்குள்ளேயே ஒலியை உருவாக்கும் வசதி வந்துவிட்டது.

இவை மிக்ஸர், ஃபில்டர், ஸ்ட்ரீமிங், சுருக்கம், டிசைனருக்கான எடிட்டர் எல்லாவற்றையும் தயாராகவே தருகின்றன. அவற்றுக்குத் தெரியாத ஒன்று, உங்கள் விளையாட்டு. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த எதிரி உங்களைப் பார்த்துவிட்டான், ஆட்டக்காரர் சாகும் நிலையில் இருக்கிறாரா என்பதையெல்லாம் அவற்றுக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஒலி பேங்குகளை (ஒலிகளின் தொகுப்புகளை) எப்போது மெமரிக்குள் ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதும் நம் வேலை. மிடில்வேர் வந்ததால் வேலை குறையவில்லை. மிக்ஸர் எழுதிக்கொண்டிருந்த நேரம் இப்போது விளையாட்டின் ஒலி நடத்தையை எழுதுவதில் போகிறது. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் ஓடும்?

விளையாட்டு உலகில் ஆயிரக்கணக்கான ஒலிகள் 'ஓடிக்கொண்டிருக்கும்'. உண்மையில் மிக்ஸ் ஆவது அதில் சிறு பகுதிதான். தூரத்தில் இருப்பதாலோ, முக்கியத்துவம் குறைவு என்பதாலோ கேட்காத ஒலிகளை விர்ச்சுவல் வாய்ஸ் ஆக்கிவிடுவோம். அதாவது ஒலி எந்த இடத்தில் ஓடுகிறது என்ற கணக்கு மட்டும் இருக்கும். சாம்பிள்களைத் தொடவே மாட்டோம். ஆட்டக்காரர் ஓடையின் பக்கம் போனதும் ஓடைச் சத்தம் விர்ச்சுவலிலிருந்து நிஜத்துக்கு வந்துவிடும்.

இதில் நுட்பமான பகுதி முன்னுரிமை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது நிரலாளர் தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. எதிரியின் காலடி விளையாட்டின் உயிர்நாடி என்றால், அவன் பின்னால் எரியும் தீயின் சத்தம் வழி விட்டே ஆக வேண்டும். டிசைனரோடு உட்கார்ந்து பேசித்தான் அந்த விதிகளை எழுத முடியும்.

மெமரி இன்னும் ஒரு பிரச்சினையா?

ஆமாம். 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாமில் ஆடியோவுக்கு இருந்தது 64 கிலோபைட்டும் எட்டு சேனலும். அந்தச் சிப்பை வடிவமைத்தவர் பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குதராகி. இன்றைய 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் கணக்கில் பார்த்தால் அந்த 64 கிலோபைட்டில் முக்கால் விநாடி மோனோ ஒலிகூட அடங்காது. அதற்குள் முழு இசையையும் எல்லாச் சத்தங்களையும் அடக்கினார்கள்.

இப்போது இடம் நிறைய இருக்கிறது, ஆசையும் அதற்கேற்ப வளர்ந்துவிட்டது. சுருக்காத மோனோ ஒலி நிமிடத்துக்கு 5.76 மெகாபைட். ஒரு விளையாட்டில் 50 மணி நேர வசனம் இருந்தால் அதுவே 17 கிகாபைட்டைத் தாண்டும். ஐந்து மொழிக்கு டப்பிங் என்றால் பெருக்கிப் பாருங்கள். அதனால் ஓபஸ், வோர்பிஸ் போன்ற சுருக்கங்கள். ஆனால் சுருக்கியதை விரிக்க சிபியு வேண்டும். ஆகவே அடிக்கடி ஒலிக்கும் துப்பாக்கிச் சத்தத்தை எளிதில் விரியும் ஏடிபிசிஎம் வடிவத்தில் மெமரியிலேயே வைப்போம். நீண்ட வசனத்தை டிஸ்க்கிலிருந்து ஸ்ட்ரீம் செய்வோம்.

கணிதம் எவ்வளவு தெரிய வேண்டும்?

வெக்டர், டாட் புராடக்ட், முக்கோணவியல், லாகரிதம் ஆகிய நான்கும் கைவந்திருக்க வேண்டும். எதிரி உங்கள் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது டாட் புராடக்ட். ஒலி அளவு என்பது லாகரிதம். இந்த இரண்டாவதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் உள்ள ஒலியளவு ஸ்லைடரை நேராக அலையின் வீச்சோடு பெருக்கினால், பாதிக்கு இறக்கியும் 6 டெசிபெல்தான் குறையும். பெரிதாக எதுவும் மாறியதாகவே தெரியாது. அப்புறம் கடைசிக் கொஞ்ச தூரத்தில் சட்டென்று அடங்கிப்போகும். ஸ்லைடரை டெசிபெல் கணக்கில் மாற்றினால் காதுக்கு இயல்பாக இருக்கும். வெளிவந்துவிட்ட விளையாட்டுகளிலும் இந்தக் குறையைக் கேட்கலாம், எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

ஃபில்டர், எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு), கன்வல்யூஷன் (ஒரு இடத்தின் எதிரொலியை ஒலியின் மேல் படிய வைக்கவும் பயன்படும் கணக்கு) ஆகியவை என்ன செய்கின்றன என்று தெரிந்திருந்தால் தொடங்கப் போதும். டிஎஸ்பியை மட்டுமே செய்யப் போகிறீர்கள் என்றால் ஆழமாகப் படிக்க வேண்டும்; அப்படிப்பட்ட பணியிடங்கள் குறைவு.

3டி ஒலி எப்படி வேலை செய்கிறது?

இடப்பக்கம் எழும் ஒலி இடது காதுக்கு முதலில் வரும், வலது காதுக்குச் சற்றே தாமதமாக வரும். அதிகபட்ச வித்தியாசம் 0.6, 0.7 மில்லி விநாடி, அதாவது முப்பது சாம்பிள் சொச்சம். தலை மறைப்பதால் வலது காதில் உயர் அதிர்வெண்களும் குறையும். காது மடலின் வளைவுகள் மேலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்பதற்கான தடயத்தைத் தருகின்றன. இவற்றை எல்லாம் அளந்து ஃபில்டராக மாற்றினால் அதுதான் எச்ஆர்டிஎஃப். ஹெட்ஃபோனில் கேட்கும்போது தலைக்கு வெளியே ஒலி எழுவது போலிருக்கும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் இதற்கென்றே டெம்பஸ்ட் என்ற தனி வன்பொருள் இருக்கிறது. ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு வடிவம் என்பதால் ஒரே எச்ஆர்டிஎஃப் எல்லோருக்கும் சரியாக அமைவதில்லை.

என்னைக் கேட்டால் இதைவிடச் சுவாரசியமானது சுவரும் கதவும். பக்கத்து அறையில் ஒருவர் பேசுகிறார். நேராக ஒரு ரேகாஸ்ட் விட்டால் சுவரில் முட்டும். உடனே ஒலியை மழுங்கடித்துவிட்டால் தவறு. ஏனென்றால் கதவு திறந்திருக்கிறது, குரல் அந்த வழியாக வளைந்து வரும். சரியாகச் செய்ய வேண்டுமானால், அறைகளையும் அவற்றை இணைக்கும் வாசல்களையும் ஒரு வரைபடமாக வைத்து, ஒலி வரும் பாதையைத் தேடி, குரல் அந்த வாசலிலிருந்தே வருவது போல ஒலிக்கச் செய்ய வேண்டும். கதவு மெல்ல மூடும்போது ஃபில்டரும் மெல்ல மூட வேண்டும். இது சரியாக அமைந்த லெவலில், ஆட்டக்காரர் யாரும் சொல்லாமலே கதவைத் தேடிப் போவார்.

இயற்பியலை அப்படியே பின்பற்றுவதும் எப்போதும் நல்லதல்ல. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். 700 மீட்டர் தள்ளி வெடித்தால் இரண்டு விநாடி கழித்துத்தான் கேட்க வேண்டும். சில விளையாட்டுகளில் அது அழகு. வேறு சிலவற்றில் ஆட்டக்காரர் அதை பக் என்று நினைப்பார், தாமதத்தைக் குறைத்துவிடுவோம்.

இசையிலும் புரோகிராமருக்கு வேலை உண்டா?

நிறைய. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நான்கே சுரங்கள் சுழன்று சுழன்று வரும். படையெடுத்து வருபவர்கள் வேகமெடுக்க எடுக்க அந்தச் சுரங்களும் வேகமெடுக்கும். விளையாட்டின் நிலைக்கு ஏற்ப இசை மாறுவது அங்கேயே இருக்கிறது. லூகாஸ் ஆர்ட்ஸில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் என்ற இசை நிரல், 1991இல் மங்கி ஐலண்ட் 2 விளையாட்டில் வந்தது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடந்தால், இசை வெட்டுப்படாமல் தாளத்தோடு அடுத்த பகுதிக்குள் நுழையும்.

இன்றும் அடிப்படைக் கேள்வி அதுதான்: மாற்றத்தை எந்தத் தாளத்தில் செய்வது? சண்டை தொடங்கியது என்று கேம் சொல்லும் கணம் பெரும்பாலும் தாளத்தின் நடுவில் எங்கோ இருக்கும். அடுத்த தாளச் சுற்றின் தொடக்கம் வரை காத்திருந்தால் இசை அழகாக இருக்கும், ஆனால் இரண்டு விநாடி தாமதம். உடனே மாற்றினால் இசை கெடும். நடுவழியாக, உடனே ஒரு தாள அடியை ஒலிக்கவிட்டு, முழு மாற்றத்தைச் சரியான இடத்தில் செய்வார்கள். இதற்கான நேரக் கணக்கைக் கேம் ஃபிரேமில் வைக்காமல் சாம்பிள் கணக்கில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளம் நடுங்கும்.

அப்படியானால் இசை தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. தாளம் பிடிபட்டால் போதும். வாத்தியம் வாசிப்பவர்களுக்கு டிசைனரோடு பேசுவது எளிது.

எந்த மொழி கற்க வேண்டும்?

சி++. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், பெரிய என்ஜின்களில் ஆடியோ நிரல் சி++தான். யூனிட்டிக்கு சி ஷார்ப் வேண்டும். சவுண்ட் டிசைனர்களுக்குச் சின்னக் கருவிகள் எழுத பைதான் தெரிந்தால் பிழைப்பு நன்றாக ஓடும்: ஆயிரக்கணக்கான வசன ஃபைல்களின் பெயரைச் சரிபார்க்க, அமைதியாக இருக்கும் ஃபைல்களைக் கண்டுபிடிக்க, இப்படி.

ஒரு நாள் வேலை எப்படிப் போகும்?

பாதி நாள் ஒரே கேள்விக்குப் பதில் தேடுவதில் போகும்: 'இந்தச் சத்தம் ஏன் கேட்கவில்லை?'

காரணம் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒலியைத் தொடங்கச் சொல்லும் ஈவென்ட் அனுப்பப்படவே இல்லை. அனுப்பப்பட்டது, ஆனால் பேங்க் ஏறவில்லை. ஏறியது, ஆனால் வாய்ஸ் வரம்பு தாண்டியதால் தள்ளப்பட்டது. ஒலித்தது, ஆனால் கேட்பவரின் இடம் கேமராவில் இருக்கிறது, கேமராவோ பாத்திரத்திலிருந்து எங்கோ தள்ளி இருக்கிறது. எல்லாம் சரி, யாரோ அந்த பஸ்ஸை (பல ஒலிகள் சேர்ந்து போகும் மிக்ஸர் பாதையை) மியூட் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு படியையும் புரொஃபைலரில் (ஓடும் நிரலைக் கண்காணிக்கும் கருவியில்) கோர்வையாகப் பார்க்க வேண்டும்.

இதே தேடலை டிசைனரே செய்துகொள்ளும்படி கருவி எழுதுவது உங்களுடைய மிகச் சிறந்த உழைப்பாக அமையும். விளையாட்டுத் திரையிலேயே ஒவ்வொரு ஒலியின் பெயரும் அது எழும் இடத்தில் மிதக்கட்டும். ஒலிக்காமல் போனவை சிவப்பில், காரணத்தோடு வரட்டும். நான் எழுதிய நிரல்களில் சக ஊழியர்கள் அதிகம் நன்றி சொன்னது இப்படி ஒரு திரைக்காகத்தான், எந்த ரிவெர்புக்காகவும் இல்லை.

கைபேசி விளையாட்டுகளில் என்ன வித்தியாசம்?

தாமதம். ஆண்ட்ராய்டு கருவிகள் பல வகை என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பஃபர் அளவு கேட்கும். ஆண்ட்ராய்டு 8இல் தாமதம் குறைந்த ஏஆடியோ என்ற ஒலி இடைமுகமும், அதன் மேல் கூகுளின் ஓபோ நூலகமும் வந்த பிறகு நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் மாட்டினால் அந்தக் கணக்கெல்லாம் போச்சு. நூறு, இருநூறு மில்லி விநாடி சர்வ சாதாரணம். தாள விளையாட்டு செய்கிறீர்கள் என்றால் ஆட்டக்காரரே தாமதத்தைச் சரிசெய்துகொள்ளும் திரை ஒன்றைக் கண்டிப்பாக வையுங்கள். அப்புறம் அழைப்பு வந்தால், ஹெட்ஃபோனைக் கழற்றினால், வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

பார்வையற்றவர்கள் விளையாடும்படி செய்வதில் நமக்குப் பங்கு இருக்கிறதா?

பெரும் பங்கு இருக்கிறது, இதைப் பலர் கேட்பதே இல்லை. 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 விளையாட்டில் சுற்றி இருக்கும் பொருள்களையும் எதிரிகளையும் ஒலியால் தேடும் வசதியும், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு ஒலிக்குறியும் இருந்தன. பார்வையற்றவர்கள் அந்த விளையாட்டை முழுவதும் ஆடி முடித்தார்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கு மோனோ வெளியீடு, வசனத்துக்கும் இசைக்கும் தனித்தனி ஸ்லைடர், ஒலி வரும் திசையைத் திரையில் காட்டுவது ஆகியவை நம் கையில் இருப்பவை. ஒலிக்கு நல்ல பெயரும் வகையும் முதலிலிருந்தே கொடுத்திருந்தால் இவை எளிது. கடைசி மாதத்தில் ஒட்ட வைக்கப் பார்த்தால் பாதிதான் தேறும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா?

கருவி நிரல் எழுதுவது வேகமாகியிருக்கிறது. நிகழ்நேர நிரலில் அது தரும் யோசனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. ஆடியோ த்ரெட்டுக்குள் மெமரி ஒதுக்கும் நிரலை அழகாக எழுதிக் கொடுத்துவிடும். இதனால் உடனடியாக அடிபடுவது குரல் நடிகர்கள். சாக்-ஆஃப்ட்ரா என்ற அமெரிக்க நடிகர் சங்கம் 2024 ஜூலையில் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் மையமே இதுதான்; 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. குரலை வைத்து வேலை செய்யும் நாம், அந்தக் குரலுக்கு உரியவர் எதற்குச் சம்மதித்தார் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வேலை கிடைப்பது கடினமா? எப்படி உள்ளே வருவது?

இடங்கள் குறைவு, உண்மைதான். நூற்றுக்கணக்கானவர்கள் உழைக்கும் ஒரு விளையாட்டிலும் ஆடியோ புரோகிராமர்கள் ஒருசிலரே இருப்பார்கள். அதே சமயம் தகுதியானவர்களும் குறைவு. நல்லவரைத் தேடி ஸ்டுடியோக்கள் மாதக் கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பலர் கேம்பிளே புரோகிராமராகச் சேர்ந்து, 'ஆடியோ பக் யார் பார்ப்பது?' என்று கேட்கும்போது கை தூக்கி, அப்படியே இந்தப் பக்கம் வந்தவர்கள். அது நல்ல வழி. என்ஜின் முழுவதும் பழகியிருக்கும்.

காட்டுவதற்கு இரண்டு வேலைகள் போதும். ஒன்று, சிறிய மிக்ஸர்: மினிஆடியோ போன்ற ஒரு திறந்த மூல நூலகத்தின் கால்பேக்கை (ஒவ்வொரு பஃபருக்கும் அது கூப்பிடும் நம் நிரலை) எடுத்துக்கொண்டு, பல ஒலிகளை ஒன்றாக ஓட்டி, அளவை மென்மையாக மாற்றி, இடம் வலம் நகர்த்தி, லாக் இல்லாமல் கட்டளை அனுப்பிக் காட்டுங்கள். இன்னொன்று, அன்ரியலிலோ கோடாட்டிலோ ஒரு சிறு லெவல்: இரண்டு அறை, ஒரு கதவு, நான்கு விதத் தரை. அதில் நடந்து காட்டி, என்ன நடக்கிறது என்று உங்கள் குரலிலேயே விளக்கும் ஒரு வீடியோ வையுங்கள். பாதியில் நிற்கும் பத்து சிந்தசைஸர்களைவிட முடிந்த ஒரு லெவல் எடுபடும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

நான் கேட்பதைச் சொல்கிறேன். ரிங் பஃபரை எழுதச் சொல்வேன். இரண்டு ஒலிகளைக் கிராஸ்ஃபேட் செய்யும்போது (ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றும்போது) நடுவில் சத்தம் ஏன் இறங்குகிறது என்று கேட்பேன். தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் நடுவில் பாதிப் பாதி வீச்சில் கலந்தால் 3 டெசிபெல் இறங்கும், 0.707 என்ற பெருக்கலை வைத்தால் சமமாகிவிடும். அதே ஒலியின் இரண்டு நகல்களுக்கு அந்த மருந்து ஒத்துவராது, சத்தம் ஏறிவிடும். ஏன் என்று யோசித்துச் சொல்கிறவரை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், டிசைனர் ஒருவர் வந்து 'காடு செத்துக் கிடக்கிறது' என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். உடனே தீர்வு சொல்லத் தொடங்குபவர்கள் அதிகம். அவரோடு போய் உட்கார்ந்து அந்தக் காட்டைக் கேட்டுப் பார்க்கிறேன், எந்த இடம், எதை எதிர்பார்த்தீர்கள் என்று கேட்கிறேன் என்பவரைத்தான் நான் எடுப்பேன்.

நாள் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டினால் காது என்ன ஆகும்?

அளவோடு கேட்டால் ஒன்றும் ஆகாது. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பணியிடத்துக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. வெடிச் சத்தம் உள்ள லெவலை டீபக் செய்யும் நாளில் இது வேகமாக ஏறிவிடும்.

டெவலப்பர் பில்டில் மாஸ்டர் வெளியீட்டின் முடிவில் ஒரு லிமிட்டரை (ஒலி ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுப்பதை) போட்டு வையுங்கள். ஃபில்டர் நிரலில் ஒரு சின்னப் பிழை வந்தால் எண் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, முழு வீச்சில் காதுக்குள் பாயும். முடிவிலியும், எண்ணே அல்லாத 'NaN' மதிப்பும் வந்தால் அந்த பஃபரையே பூஜ்யமாக்கிவிடும் ஒரு சோதனையையும் லிமிட்டருக்கு முன்னால் சேருங்கள். புதிய டிஎஸ்பி நிரலை முதன்முறை ஓட்டும்போது ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.